தன்வேகக் கல்வி: யாருடைய வேகம்?

கற்றவன் ஒருவனுக்குச் சான்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? கற்பித்தவருக்கா, பரீட்சை நடத்தியவருக்கா, அன்றிக் கற்றவனுக்கே உண்டா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பரீட்சைப் பதிவாளர் தீர்க்கவேண்டிய சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயின், பொத்துவில் போன்ற ஊரில் இருந்து கொண்டு இவ்வினாவை எழுப்பும்போது, அதன் அடியில் நீதி பற்றிய பெருவினா ஒன்று கிடப்பதைக் காண்கிறோம்.

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா அரச பல்கலைக்கழகம், எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வி நிறுவனத்துடன் கூடித் திட்டமொன்றை அறிவித்தது. உலகின் எம்மூலையில் உள்ளவரும் முதலாண்டுப் பாடங்களை இணையத்திற் கற்கலாம். தேறிய பின்னர், விரும்பினால் மட்டும், ஓர் அலகுக்கு 200 டொலர் வரையிற் செலுத்தி 'கிரெடிட்' எனப்படும் பல்கலைக்கழக மதிப்பலகைப் பெறலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அப்பாடங்களுள் அட்சரகணிதமும் ஒன்று. அதற்கு வகுப்பறை இல்லை, மணியோசை இல்லை. கணினி ஒரு கணக்கைத் தருகிறது. மாணவன் அப்பகுதியில் தேர்ச்சி காட்டிய பின்னரே அடுத்த பகுதி திறக்கிறது. மூன்று வாரத்தில் முடிப்பவனும் உண்டு. மூன்று திங்கள் எடுப்பவனும் உண்டு. இந்தியாவில் 2017இல் தொடங்கப்பெற்ற சுவயம் திட்டத்தின் வழியும், இணையத்திற் கற்ற பாடங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்பலகு வழங்குகின்றன. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒரு பருவத்துப் பாடங்களுள் 40 விழுக்காடு வரை இவ்வழியிற் கற்க இடமுண்டு.

'தன் வேகத்திற் கற்றல்' என்னும் இத்தொடர் செவிக்கு இனிமையானது. அது நமக்குப் புதியதா என்பதை முதலில் நோக்குவோம்.

இக்கரையோரத்துக் காரைதீவிலே 1892இற் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் விபுலாநந்த அடிகள், யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரிப் பரீட்சையில் தேறினார். அப்போது இலங்கையிற் பல்கலைக்கழகம் இல்லை. பல்கலைக்கழகக் கல்லூரி கூட 1921இலேதான் தொடங்கிற்று. இலண்டன் பல்கலைக்கழகமோ 1858 முதலே, தன் வாயிலை மிதியாதவர்க்கும் பரீட்சை எழுதும் உரிமையை வழங்கியிருந்தது. அவ்வெளிவாரிப் பட்டத்தைத் தாழ்வென்று எவரும் கூறவில்லை. அதைப் பெற்றவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்' சுருதிகளைக் கணித்துக் காட்ட அவருக்கு உதவியது அக்கணித அறிவே. எனவே, தனித்துக் கற்றவனின் தகைமையை ஏற்பதா என்னும் வினாவுக்கு நமது மண்ணே முன்னரே விடை பகர்ந்துள்ளது.

மறுபுறத்தில், ஏற்க மறுத்ததன் கொடுமையையும் தமிழுலகம் அறியும். கும்பகோணத்து இராமானுஜன், கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திர நூலொன்றைத் துணைகொண்டு தாமே கற்றார். ஏனைய பாடங்களில் தவறியமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். கல்லூரிப் பரீட்சையிலும் தோற்றார். 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அறிந்தவர் கண்ணிற் பட்டிராவிடின், சென்னைத் துறைமுக அலுவலகத்தின் எழுதுவினைஞராகவே அவர் வாழ்வு கழிந்திருக்கவும் கூடும். சான்றிதழ் இன்மையை அறிவின்மை என்று கொள்ளும் சமுதாயம், தன் செல்வத்தைத் தானே புதைக்கும் சமுதாயமாகும்.

ஆகவே, இணையவழிக் கற்றவன் எய்திய மதிப்பலகை ஏளனம் செய்வாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. மதிப்பலகு என்பதுதான் என்ன? 1905இல் நிறுவப்பெற்ற கார்னெகி அறநிலையம், பேராசிரியர்களின் ஓய்வூதியத்தை ஒழுங்குசெய்ய முற்பட்டபோது, கல்வியை மணிக்கணக்கில் அளக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றிற்று. நமது நாட்டுத் தகைமைச் சட்டகமும் ஒரு மதிப்பலகை 50 மணிநேரக் கற்றலுழைப்பு என்றே கணிக்கிறது. தொழிற்சாலையில் உழைப்பை மணியால் அளப்பது போலப் பாடசாலையில் அறிவை மணியால் அளந்து வந்தோம். இருபது மணியில் விளங்கிக்கொள்பவனை ஐம்பது மணிநேரம் அமர்த்தி வைப்பதும், நூறு மணி வேண்டுபவனை ஐம்பதில் எழுப்பிவிடுவதும் அறமாகா. இவ்வளவில் தன்வேகக் கல்வி ஒரு விடுதலையே.

ஆயினும், இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். நமது ஊர்களின் குர்ஆன் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த முறையும் தன்வேகக் கல்வியே. ஒரே பாயில் இருபது பிள்ளைகள் இருப்பர். ஒவ்வொருவர் பாடமும் வேறு. தன் பாடத்தை லெப்பை முன்னிலையில் ஓதிக் காட்டிய பிள்ளைக்கே அடுத்த பாடம் கிடைக்கும். அமெரிக்கக் கணினி இன்று செய்வதை நமது லெப்பை ஓலைப்பந்தலின் கீழ் அன்றே செய்தார். அரபுக் கல்வி மரபிலே, ஆசிரியர் தம் மாணவருக்கு அளிக்கும் 'இஜாஸா' என்னும் அனுமதியும், நேரே கேட்டறிந்த மனிதர் ஒருவர் மற்றொரு மனிதருக்குக் கூறும் சாட்சியேயாகும். வேறுபாடு யாதெனில், அங்கே வேகம் பிள்ளையுடையது. ஆயின், பிள்ளை தனித்திருக்கவில்லை. ஒருநாள் வராதுபோனால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருந்தார்.

கணிதத்துக்கு இத்துணை இன்னும் இன்றியமையாதது. கணிதத்தின் உயிர் விடையில் இல்லை; நிறுவலிலே உள்ளது. நிறுவல் என்பது, 'எனக்குத் தெரியும்' என்பதைப் பிறர் ஏற்கும் வண்ணம் எடுத்துரைத்தலாகும். இராமானுஜன் தனியே கண்ட உண்மைகள் பல. அவற்றுக்கு 'ஏன்?' என்று கேட்கும் தோழமை ஹார்டியிடத்தும் லிட்டில்வுட்டிடத்தும் அவருக்குக் கிடைத்தது. தானே கற்ற மாமேதைக்கும் கேட்பவன் ஒருவன் வேண்டியிருந்தது எனின், மதிப்பலகு வேண்டிப் போராடும் சாதாரண மாணவனுக்கு அவன் வேண்டாம் என்பது எங்ஙனம்?

இன்று செயற்கை நுண்ணறிவும் 'ஏன்?' என்று கேட்கிறதே எனச் சிலர் வினவலாம். கேட்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயின் மாணவன் கணினியை மூடிவிட்டு மீன்வாடிக்கு வேலைக்குப் போய்விட்டால், அவன் வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் பேசுவதற்கு அதனால் இயலாது. அவன் தோல்வியால் அதற்கு எந்த இழப்பும் இல்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் வழியே நடத்திய பாடநெறிகளை ஆராய்ந்து 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரை கூறுவதென்ன? 2017-18இற் சேர்ந்தோருள் முடித்தவர் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர். கற்போரின் வளர்ச்சியும் பெரும்பாலும் செல்வ நாடுகளிலேயே நிகழ்ந்தது. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது; நுழைந்து மறுபுறம் சென்றவர் ஏற்கெனவே வழி தெரிந்தவரே.

இனி, 'தன் வேகம்' என்னும் சொல்லையே ஆராய்வோம். கொழும்பில் தனியறையும் தடையற்ற இணையமும் உடைய மாணவனின் வேகம் அவனுடையதாக இருக்கலாம். பொத்துவிலில் தாய் வெளிநாடு சென்றிருக்கத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளையின் வேகம் யாருடையது? வலையிழுக்கும் நாளில் கரைவலைக்கும், அறுப்புக் காலத்தில் வயலுக்கும் போகும் இளைஞனின் வேகம் யாருடையது? 2021இல், பாடசாலைகள் மூடிக்கிடந்த தொற்றுக் காலத்தில், பொகிட்டியாவ என்னும் மலைக்கிராமத்தின் பிள்ளைகளும் ஆசிரியையும் அலைபேசிச் சமிக்ஞை தேடிக் காட்டுவழி நடந்து பாறை உச்சியில் ஏறினர். 2022 மார்ச் மாத இறுதியிலே நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது. இவை தன் வேகமல்ல. வறுமை விதித்த வேகம். அரசு விதித்த வேகம். மெல்லச் செல்வது உனது தெரிவு என்று ஏழையிடம் கூறுவது, அவன் காலிற் கிடக்கும் விலங்கை அவனது அணிகலன் என்று கூறுவதை ஒக்கும்.

இதிலிருந்து பெரிய ஆபத்தொன்று பிறக்கிறது. கரையோரத்தின் தென்கோடிக்கு இணைந்த கணிதமும் பௌதிகமும் கற்பிக்க ஆசிரியர் வருவதும், வந்த விரைவில் மாற்றலாகிச் செல்வதும் நாம் அன்றாடம் காணும் காட்சி. 'பாடம் இணையத்தில் இருக்கிறதே, பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும்' என்று நாளை ஓர் அதிகாரி கூறக்கூடும். அன்றைக்குத் தன்வேகக் கல்வி மாணவனை மணிக்கூட்டிலிருந்து விடுவித்த கருவியாக இராது; அரசைத் தன் கடமையிலிருந்து விடுவித்த கருவியாகிவிடும். 1945இல் இந்நாட்டு மக்கள் பெற்ற இலவசக் கல்வி, பாடப்பொருளை இலவசமாகத் தருவோம் என்னும் வாக்குறுதி மட்டுமன்று. ஆசிரியரையும், கட்டடத்தையும், கூடியிருந்து கற்கும் உரிமையையும் தருவோம் என்னும் வாக்குறுதியுமாகும்.

அவ்வாறாயின் இணையவழிக் கல்வியைப் புறக்கணிப்போமா? கூடாது. உயர்தரத்தில் ஒரு புள்ளியால் தவறியவள், மணமாகிப் பிள்ளை பெற்றபின் மீண்டும் கற்க விழைபவள், வளைகுடா நாட்டில் உழைத்துக்கொண்டே பட்டம் பெற நினைப்பவன் ஆகியோருக்கு இதுவே எஞ்சியுள்ள வாயில். இதை அடைக்கக் கூறுபவர், பெரும்பாலும் வேறு வாயிலால் ஏற்கெனவே உள்ளே சென்றவராகவே இருப்பர். 1980 முதல் இயங்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், உயர்தரத்தில் தேறாதவரையும் அடிப்படைப் பாடநெறி வழியே பட்டப்படிப்புக்கு இட்டுச்செல்கிறது. அதன் மட்டக்களப்பு நிலையம் நமக்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அக்கரைப்பற்றைத் தாண்டியே செல்லவேண்டும்.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று. தனித்துக் கற்றவனின் மதிப்பலகு, வகுப்பிற் கற்றவனின் மதிப்பலகுக்குச் சமமாக ஏற்கப்படல் வேண்டும். அச்சமத்துவம் மெய்யாக இருக்கும்பொருட்டு, பரீட்சை கண்காணிப்புடன் நேரில் நடத்தப்படல் வேண்டும். எக்கணக்கையும் நொடியில் தீர்க்கும் பொறி ஒவ்வோர் அலைபேசியிலும் இருக்கையில், வீட்டறையில் எழுதிய விடைக்கு எவரும் சாட்சி கூற முடியாது. சுவயம் வழி நடைபெறும் கணிதப் பாடங்களிலும் மேற்பார்வைப் பரீட்சைக்கே பெரும்பங்கு புள்ளி உரியது. அத்தகைய பரீட்சை மண்டபம் பொத்துவிலிலேயே அமைதல் வேண்டும். பேருந்துக் கட்டணமும் துணைக்கு வரும் ஆணின் ஒருநாட் கூலியும் ஒரு பெண்ணின் கணிதத்தைத் தீர்மானித்தல் ஆகாது. மூன்றாவதாக, கிழமைக்கு இரு மாலைகளேனும் இணையத்திற் கற்போர் கூடியிருந்து ஐயந்தீர்க்க ஓர் இடமும், சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவரும் வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதில் ஒரு பணி உண்டு. கணினி நமது தொழிலைப் பறிக்கும் என்று அஞ்சி ஒதுங்குவதும், கணினி பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொள்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். பிள்ளை எவ்வழியிற் கற்றாலும், 'ஏன்?' என்று கேட்பதற்கும், வராதபோது தேடிச் செல்வதற்கும், கற்றுத் தேறியபின் 'இவள் அறிவாள். நாம் அறிவோம்' என்று ஊரறியச் சாட்சி கூறுவதற்கும் மனிதர் வேண்டும். வேகம் அவரவர்க்கு உரியதாகுக. வழித்துணை எல்லோர்க்கும் பொதுவாகுக.