ஊழும் துடுப்பும்

மனித உயிரை ஆற்றுப் பெருக்கில் செல்லும் புணைக்கு, அதாவது கட்டைகளைப் பிணைத்துக் கட்டிய மிதவைக்கு, ஒப்பிட்ட கணியன் பூங்குன்றனாரின் பாடல் (புறநானூறு 192) முதலடிக்காகவே எங்கும் போற்றப்படுவதும், அதன் தத்துவ மையமாகிய இந்த உவமை பேசப்படாமல் விடப்படுவதும் வருந்தத்தக்கது. நீர் செல்லும் வழியே புணையின் வழி என்பதால், பெரியோரைக் கண்டு வியக்கவும் சிறியோரை இகழவும் இடமில்லை என்று அப்பாடல் முடிகிறது. இம்முடிவின் அறம் மறுக்க முடியாதது. எனினும், அதே நீரில் துடுப்புடன் ஒருவர் இறங்கினால், அவர் சென்ற வழியில் நீரின் பங்கு எவ்வளவு, அவருடைய பங்கு எவ்வளவு என்ற வினா எஞ்சி நிற்கிறது.

அவ்வினாவை ஆராய, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் வைட் சால்மன் என்னும் சிற்றாறு தக்க களம். 3,743 மீட்டர் உயரமுள்ள ஆடம்ஸ் எரிமலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் எரிமலைப் பாறைகளின் இடுக்குகளில் இறங்கித் தங்கி, பின் ஊற்றுகளாக வெளிப்பட்டு இந்த ஆற்றுக்கு நீரூட்டுவதால், மழை குறைந்த ஆகஸ்டிலும் அது நுரைத்துப் பாய்கிறது. ஒருவர் மட்டும் இடுப்புவரை உள்ளே அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் செலுத்தும் கயாக் என்ற ஒடுங்கிய படகுக்குப் பெயர்பெற்ற ஆறு இது.

பாய்நீரில் கயாக் செலுத்துவதன் முதற்பாடம் பழகாத உடலின் இயல்புக்கு நேர் எதிரானது. பெரிய பாறையின் கீழ்ப்புறத்தில் நீர் ஒதுங்கி, மேல்நோக்கித் திரும்பிச் சுழலும் அமைதியான இடத்தை ‘எடி’ என்பர். அங்கிருந்து மைய ஓட்டத்துக்குள் படகின் மூக்கு நுழையும் கணத்தில், வேகத்துக்கு அஞ்சி நீர் வரும் பக்கம் உடலைச் சாய்ப்பவரின் படகு விளிம்பில் நீர் ஏறி அதைக் கவிழ்த்துவிடுகிறது. நீர் போகும் பக்கம் சாய்ந்து கொடுப்பவரோ நிலைக்கிறார். ஆற்றைக் குறுக்கே கடக்கவும் நீரை வெல்ல வேண்டியதில்லை. மூக்கை மேல்நோக்கி, ஓட்டத்துக்குச் சற்றே கோணலாக வைத்துத் துடுப்பு வலித்தால், படகின் பக்கத்தில் மோதும் ஓட்டமே அதை மறுகரைக்குத் தள்ளிச் செல்லும். தேங்கிய குளத்தில் இந்த உதவி கிடைக்காது. ஆகவே நீரோட்டத்தின் கட்டாயம் துடுப்பாளரின் சுதந்திரத்துக்குப் பகை அன்று. அச்சுதந்திரம் செயல்படும் ஆற்றலே அதிலிருந்துதான் வருகிறது.

உருளையும் கூம்பும் ஒரேவிதமாகத் தள்ளப்பட்டாலும் தத்தம் வடிவுக்கேற்பவே உருளும். அவ்வாறே புறக்காரணம் தூண்டினாலும் செயல் மனிதனுடையதே என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஸ்டோயிக் தத்துவ அறிஞர் கிரிசிப்பஸ் வாதிட்டார். இவ்வாதம் பாதித் தூரமே வருகிறது. உருளையால் தன் வடிவை மாற்றிக்கொள்ள இயலாது, துடுப்பாளரோ பயிற்சியால் தம் உடலின் சாய்வையே மாற்றிக்கொள்கிறார். ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் கூறிய வள்ளுவர், தளராத முயற்சிக்கு அந்த ஊழே பின்வாங்கும் என 62ஆம் அதிகாரத்தில் கூறியதையும் இந்தப் பயிற்சியின் வழியே பொருத்திக் காணலாம்.

பூங்குன்றனார் பாடிய ஆறு மழையால் பெருகி, பாறைகளில் மோதி ஒலிப்பது. திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவரைக் குறை கூற யாருக்கும் மனம் வராது. ஆனால் கோடையில் பெரிதும் ஊற்றுநீரால் ஓடும் ஆறு நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை என்பதால், அதன் பாறைகளையும் இறக்கங்களையும் முன்னரே கரையிலிருந்து பார்த்து அறிந்துகொள்ள முடியும். அறிய முடிந்ததை அறியாமல் இறங்கி அடைந்த கேட்டை ஊழ் என்று சொல்வது தகாது. வைட் சால்மனில் ஏறத்தாழ 3 மீட்டர் வீழும் ஹூசம் அருவிக்கு முன்பே படகிலிருந்து இறங்கி, கரைவழியே நடந்து கடப்பவர்கள் உண்டு. நீரைக் கண்டு, தம் திறனை அளந்து அவ்வாறு நடந்தவர், அருவியில் பாய்ந்து மீண்டவருக்குச் சுதந்திரத்தில் சற்றும் குறைந்தவர் அல்லர்.