நஜீஸ் வேறு, தொடக்கு வேறு, தீட்டு வேறு

 

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு விருந்துக்குச் சென்றிருந்தோம். ஸஹனில் கை வைக்கும் நேரம். திரைக்கு அப்பாலிருந்து ஒரு மூதாட்டியின் குரல் கேட்டது: "நீ ஜாடியைத் தொடாதே புள்ளே! தொழுகை இல்லாத நேரத்தில் தொட்டால் தீட்டுப்பட்டு ஊறுகாய் கெட்டுப் போகும்." மருமகளிடமிருந்து மறுமொழி வரவில்லை. ஐவேளையும் தொழுகின்ற வீடு அது! அந்த ஒரு சொல் அன்று முழுதும் நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்புச் சகோதர சகோதரிகளே! அசுத்தம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மார்க்கமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. சொல் தடுமாறினால் சட்டமும் தடுமாறும்.

முதலாவது, நஜீஸ். இது ஒரு பொருள். சிறுநீர், மலம், ஓடும் இரத்தம், செத்த பிராணி, பன்றி முதலியவை நஜீஸாகும். பட்ட இடத்தைக் கழுவினால் அது நீங்கிவிடும். அதிலும் தரமுண்டு. ஷாபிஈ மத்ஹபில் நாய், பன்றியால் ஏற்பட்ட நஜீஸை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். பால் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீருக்கோ, நீர் தெளித்தாலே போதும்.

இரண்டாவது, ஹதஸ். தமிழில் தொடக்கு என்போம். இது பொருளன்று, ஒரு நிலை. சிறு தொடக்கு ஒளுவால் நீங்கும். பெருந்தொடக்கு குளிப்பால் நீங்கும். தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் செய்கிறோமே, முகத்திலும் கைகளிலும் மண்ணையல்லவா தடவுகிறோம்? தொடக்கு என்பது உடலில் ஒட்டிய அழுக்காக இருந்தால் மண் தடவி அது போகுமா? வணக்கத்துக்குப் போடப்பட்ட ஒரு தடை அது, அவ்வளவே.

மூன்றாவது, ரிஜ்ஸ். மது, சூதாட்டம், சிலை வணக்கம், அம்பெறிந்து குறி பார்த்தல் ஆகியவற்றை 'மாயிதா' அத்தியாயத்தின் 90-ஆவது வசனம் இச்சொல்லால் கண்டிக்கிறது. சூதாடியவன் கையை எத்தனை முறை கழுவினாலும் இது போகாது. தவ்பாதான் இதற்குத் தண்ணீர்.

நான்காவது, வெறும் அழுக்கு. சேறு, சளி, வியர்வை போன்றவை அருவருப்பாக இருக்கலாம், நஜீஸ் அல்ல.

இந்த நான்கில் 'தீட்டு' எங்கே இருக்கிறது? ஒரு மனிதரைத் தொட்டால் தொட்டவருக்கும் பொருளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற இக்கருத்துக்கு நம் ஃபிக்ஹில் இடமில்லை. இது அக்கம்பக்கத்திலிருந்து நம் அடுப்பங்கரைக்குள் நுழைந்த சொல்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் குளிப்புக் கடமையான நிலையில் மதீனாவின் ஒரு தெருவில் நாயகத்தைக் கண்டு, மெல்ல நழுவிப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். காரணம் கேட்டறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் வியந்து, முஃமின் நஜீஸாவதில்லை என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது.

மாதவிடாய்க்காரப் பெண்ணோடு மதீனாவிலிருந்த யூதர்கள் சேர்ந்து உண்பதில்லை. இது பற்றி ஸஹாபாக்கள் கேட்டபோது 'பகரா'வின் 222-ஆவது வசனம் இறங்கியது. தாம்பத்தியம் ஒன்றே விலக்கப்பட்டது. அந்நாட்களில் ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய அதே இடத்தில் நாயகமும் வாய் வைத்துப் பருகினார்கள். அவர்கள் மடியில் சாய்ந்தபடி குர்ஆன் ஓதினார்கள். பள்ளியிலிருந்து விரிப்பை எடுத்துத் தரச் சொன்னபோது ஆயிஷா (ரலி) தயங்க, மாதவிடாய் உன் கையில் இல்லையே என்ற கருத்தில் பதிலளித்தார்கள். விரிப்பை எடுத்த கை ஊறுகாயை எடுக்கக் கூடாதா?

வெளிப்பட்ட இரத்தம் நஜீஸ்தான், பெண் நஜீஸல்ல. அவள் தொழ மாட்டாள், நோன்பு நோற்க மாட்டாள். விடுபட்ட நோன்பை மட்டும் களாச் செய்வாள். குர்ஆன் பிரதியைத் தொடுவதும் கஃபாவைத் தவாபு செய்வதும் அவளுக்குத் தடை. ஆனால் திக்ரும் ஸலவாத்தும் துஆவும் அவள் நாவுக்குத் தடையல்ல. சமைக்கலாம், பரிமாறலாம், ஒரே ஸஹனில் உண்ணலாம்.

ஜாடியைப் பற்றியும் ஒரு சொல். அப்துல் கைஸ் தூதுக் குழுவினரிடம், 'ஹன்தம்' எனும் மெருகிட்ட பச்சை ஜாடியில் பழ ஊறல் வைக்க வேண்டாமென நாயகம் (ஸல்) தடுத்தார்கள். அதில் ஊறல் விரைவில் போதையேறிவிடும். பிற்காலத்தில் பாத்திரங்களை அனுமதித்து, போதைப் பொருளை மட்டும் விலக்கினார்கள். குற்றம் ஜாடியில் இல்லை. ஊறுகாய் பூஞ்சை பிடிப்பதும் ஈரக் கரண்டியாலும் உப்புக் குறைவாலும்தான். மருமகளின் கையால் அல்ல.

பிறப்பை வைத்து மனிதனைத் தீட்டு என்று ஒதுக்கிய நாடு இது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தன் 17-ஆவது பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தோளோடு தோள் சேர்த்து ஸஃப்பில் நிற்கக் கற்றவர்கள் நாம். பள்ளிவாசலில் விரட்டிய சொல்லுக்கு அடுப்பங்கரையில் இடம் கொடுக்கலாமா?

தாய்மார்களே! அடுத்த முறை உங்கள் மருமகளுக்குத் தொழுகை இல்லாத நாளில், அவளைப் பக்கத்தில் அழைத்து, அவள் கையால் ஊறுகாய் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சுன்னத்தை உயிர்ப்பித்த நற்கூலி உங்களுக்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் உடலையும் உடையையும் நஜீஸிலிருந்தும், உள்ளங்களை ரிஜ்ஸிலிருந்தும், நாவுகளைப் பிறர் மனம் நோகும் சொற்களிலிருந்தும் தூய்மையாக்கி வைப்பாயாக! ஆமீன்.