மூன்று மணித்தியாலம்

“மாமா, என்ர முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தனீங்கள்?”

13 வயதுப் பிள்ளையின் கேள்வி. சாமத்தியச் சடங்குக்காக எடுத்த படங்களைக் காட்ட ஒஸ்லோவில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். “மூன்று மணித்தியாலம்” என்றேன், கொஞ்சம் பெருமையோடு. “அவ்வளவு பிழை இருந்ததோ?” என்று கேட்டாள்.

பகலில் எனக்குக் கணினி ஆலோசகர் வேலை. படம் எடுப்பது வார இறுதிப் பழக்கம். காசு வாங்குவதில்லை, சாப்பாடு கட்டித் தருவார்கள். படம் எடுப்பதைவிட அதற்குப் பிறகு இரவில் தனியே இருந்து செய்யும் வேலைதான் எனக்குப் பிடித்தது.

தோலைச் சீராக்க ஒரு குறுக்குவழி உண்டு. மங்கலாக்கிவிடலாம். ஒரு நிமிடத்தில் முடியும், முகம் பிளாஸ்டிக் பொம்மை போலாகும். பொறுமை உள்ளவர்கள் செய்வது டொட்ஜிங், பேர்னிங். பெயர்கள் இருட்டறைக் காலத்தவை. தாளில் படத்தை விழுத்தும்போது கம்பியில் ஒட்டிய சிறு அட்டையால் ஓர் இடத்தை மறைத்தால் அது வெளிக்கும். துளையிட்ட அட்டையால் மேலதிக வெளிச்சம் கொடுத்தால் அந்த இடம் இருளும். இப்போது ஃபோட்டோஷொப்பில் 50 வீதச் சாம்பல் லேயர் ஒன்றை ‘சொஃப்ட் லைட்’ முறையில் படத்தின்மேல் போடுகிறோம். அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் வெள்ளையால் தடவினால் கீழே வெளிக்கும், கறுப்பால் தடவினால் இருளும். தூரிகையின் ஓட்டத்தை 1 அல்லது 2 வீதத்தில் வைத்து, ஒவ்வொரு மேட்டின் நிழலையும் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பையும் தேடித்தேடித் தடவ வேண்டும். மயிர்த்துளை ஒன்றுகூட அழியாது. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு மட்டும் குறையும்.

அதனால்தான் அது எனக்கு நேர்மையான வேலையாகத் தெரிந்தது. எந்தத் தடவலும் பொய் இல்லை. 2 வீதம் என்பது யன்னல் சீலையைச் சற்று விலக்கினால் வரும் மாற்றம்தான். ஆனால் ஆயிரம் தடவைக்குப் பிறகு வரும் முகத்துக்கு எந்தத் தடவையைக் குற்றம் சொல்வது?

இதற்கு இந்தத் தொழிலில் ஒரு நல்ல விதி இருக்கிறது: இரண்டு கிழமையில் தானாக மறைவதை எடுக்கலாம், மறையாததைத் தொடக்கூடாது. பரு போகலாம், மச்சம் இருக்க வேண்டும். பல வருடங்களாக இதுவே எனக்குப் போதுமாயிருந்தது. பிள்ளையின் அம்மா தொலைபேசியில் பேசும்வரை.

“அண்ணை, பிள்ளையின்ர முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி விடுங்கோ. கறுத்துத் தெரியுது.”

நான் ஓம் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. கை சொன்னது. வெள்ளையும் கறுப்பும் சமமாகப் போகவேண்டிய இடத்தில் வெள்ளை கொஞ்சம் கூடிப்போனது. என்னிடம் சமாதானமும் இருந்தது. கொடாக் பல பத்தாண்டுகளாக ‘ஷேர்லி’ அட்டை என்ற ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை வைத்தே நிறங்களைச் சரிபார்க்கச் சொன்னது. கறுத்த தோல் அந்தப் பிலிமில் சேறுபோல விழுந்தது. ஆகவே நம் முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது பழைய அநியாயத்தைத் திருத்துவதுதானே? நல்ல வாதம். ஆனால் அன்று விளக்கை வைத்தவன் நான், அளந்தவன் நான். பிள்ளை கறுத்துத் தெரியவில்லை. பிள்ளை கறுப்பு.

நோர்வேயில் 2022 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. விளம்பரப் படத்தில் ஒருவரின் உடலமைப்பையோ, பருமனையோ, தோலையோ மாற்றியிருந்தால் அடையாளம் இட வேண்டும். நல்ல சட்டம், ஆனால் எங்கள் அல்பங்களுக்குள் வராது. (மண்டப வாசலில் நிறுத்தும் ஆளுயரப் படம் எதற்கான விளம்பரம் என்று சில வேளை யோசித்திருக்கிறேன்.)

என் அம்மம்மாவை நான் கண்டதில்லை. 1995 இடப்பெயர்வில் வீட்டு அல்பங்கள் எல்லாம் போக, அவவின் ஒரேயொரு படம் மிஞ்சியது. ஸ்டூடியோவில் எடுத்தது. கன்னம் வழுவழுப்பாக, பாற்கட்டி போல இருக்கும். “அவவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு, இதில ஒண்டும் தெரியேல்லை” என்று அம்மா ஒருமுறை சொன்னா. அந்தக் காலத்தில் நெகடிவின்மேல் கூரிய பென்சிலால் நுணுக்கமாகத் தொட்டுத் திருத்துவார்கள். நெகடிவில் கரி கூடினால் அச்சில் அந்த இடம் வெளிக்கும். இருட்ட வேண்டுமென்றால் கத்தியால் சுரண்ட வேண்டும், அது கடினம். அதனால் பென்சில் பிடித்த கைக்கு வெளுப்பதே எளிது. அந்தக் கை அன்போடு செய்திருக்கும், அம்மம்மாவும் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பா. ஆனால் அம்மாவுக்குப் பிறகு அந்தத் தழும்பு எங்கேயும் இல்லை. அந்தக் கைக்குத் தன் படமே கடைசிச் சாட்சியாக மிஞ்சும் என்று எப்படித் தெரியும்?

பிள்ளை கேட்டது இது எதையும் அல்ல. அவள் கேட்டது எளிமையானது, எனக்கு அதுவே அதிகமாகச் சுட்டது. அவளைப் பெற்றவர்கள்கூட அவளை மூன்று மணித்தியாலம் ஒரே மூச்சில் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன், 200 வீதம் பெருப்பித்து. எங்கே மேடு, எங்கே நிழல், எங்கே சிவப்பு என்று பார்த்தேன். அவள் எதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இந்த வேலையை நீண்டநேரம் செய்தவர்களுக்கு இது விளங்கும்: மறுநாள் காலை மெட்ரோவில் எதிரே இருப்பவரின் முகம் தெரியாது, தோல்தான் தெரியும்.

“பிழை இல்லை” என்று தொடங்கினேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண் அடையாளத்தைக் காட்டினேன். அழுத்தினால் என் மூன்று மணித்தியாலமும் போகும், திரும்ப அழுத்தினால் வரும். அவள் நாலைந்து தரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு கடைச் சாமானைத் தெரிவு செய்வதுபோலச் சொன்னாள்: நெற்றிப் பருக்களை எடுத்தது சரி. முழங்கைத் தழும்பு இருக்கட்டும், அது சைக்கிளால் விழுந்தது. நிறத்தைத் திருப்பி வையுங்கோ.

அம்மாக்காரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த படத்தில் தாயும் மகளும் ஒன்றாக நின்றார்கள். தாயின் கண்ணுக்குக் கீழே ஆழமான கருமை. எட்டு வருடமாக முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவ. இது இரண்டு கிழமையில் மறைவதா, மறையாததா? நான் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். அது அவ உழைத்த உழைப்பு, அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டு. இப்போது அதையும் சொன்னேன்.

அவ கிட்ட வந்து குனிந்து பார்த்தா.

“அதை எடுத்து விடுங்கோ அண்ணை” என்றா. “நித்திரை கொண்ட மாதிரி ஒரு படமெண்டாலும் இருக்கட்டும்.”

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓம் என்றேன். அன்றிரவு, ஓட்டம் 1 வீதத்தில் வைத்து, வலது கண்ணில் இருந்து தொடங்கினேன்.