பின்னுரித்தாளர்

வாப்பா 2003இல் புத்தளத்து ஓலைக்கொட்டில் ஒன்றில் மௌத்தானார். அவரது சேமிப்புக் கணக்கில் பின்னுரித்தாளராக என் பெயர் இருந்தது. மரணச் சான்றிதழைக் காட்டினேன், பணத்தைத் தந்தார்கள். உம்மாவைப் பற்றியோ தங்கச்சிமாரைப் பற்றியோ யாரும் விசாரிக்கவில்லை.

கையில் வாங்கியவன்தான் சொந்தக்காரனா? வங்கிக்குத் தன் பொறுப்பைக் கழிக்க ஒரு கை வேண்டும். அது என் கையாக இருந்தது, அவ்வளவுதான். உயிலின்றி இறக்கும் முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின்படி பிரியவேண்டும் என்பது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உம்மாவுக்கு எட்டிலொன்று. மீதியில் எனக்கு இரண்டு பங்கு, தங்கச்சிமார் இருவருக்கும் ஒவ்வொன்று. இதில் குழப்பமில்லை.

குழப்பம் கடனில் வந்தது. பங்குக்கு முன் கடன் என்பது குர்ஆனின் கட்டளை. யாழ்ப்பாணத்துத் தமிழ் மொத்த வியாபாரி ஒருவருக்கு 12,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று வாப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடனுக்கு எடுத்த சாமான் சோனகத் தெருக் கடையிலேயே கிடந்தது. 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் எங்களை வெளியேற்றியபோது அதுவும் போயிற்று.

“சாமானையும் விட்டுட்டு வந்தம், காசும் நாங்களா குடுக்கணும்?” என்றாள் இளையவள். அவளைக் குறை சொல்லமாட்டேன், குமருக்குக் காத்திருந்த காசு அது. ஆனால் பறித்தவர் அந்த வியாபாரி அல்லரே. ஒருவன் பறித்ததற்கு இன்னொருவனிடம் கழிப்பது எந்த நியாயம்?

அடுத்தது பெறுமதி. 1990இன் 12,000 ரூபாய் 2003இல் அதே 12,000தானா? எங்கள் ஃபிக்ஹு வாங்கிய எண்ணிக்கையைத் திருப்பு என்கிறது. விரும்பிக் கூட்டிக் கொடுப்பதை மெச்சவும் செய்கிறது. ஆனால் தங்கச்சிமாரின் பங்கில் நான் தாராளம் காட்டமுடியாது. 12,000ஐப் பொதுவிலிருந்தும், மேலதிகத்தை என் பங்கிலிருந்தும் எடுத்தேன்.

ஏ9 வீதி 2002இல் திறந்திருந்தது. போனேன். வியாபாரி இறந்துவிட்டார். காசை எண்ணிப் பார்த்த மூத்த மகன் சொன்னார்:

“நானா, நாங்கள் நாலுபேர். நடுவிலான் தொண்ணூற்றாறில காணாமப் போனவன். செத்தவன் எண்டு எழுதிக்குடுக்க அம்மா விடமாட்டா.”

மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெற 2016இன் சட்டத் திருத்தம்தான் வழிசெய்தது. அன்று அவரிடம் காட்ட எந்தக் கடதாசியும் இல்லை.

என் முன்னாலேயே காசை நாலாகப் பிரித்தார். ஒரு பங்கைக் கடித உறையில் போட்டு, பெயர் எழுதாமல், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.