அந்தப் பையனை யார் நிறுத்துவது?

2018 ஆகஸ்டில் நான் ஓசாகாவில் ஒரு சின்ன உணவுக்கடையில் பகுதிநேரமாகத் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். கிழக்கு நோக்கும் கொள்கையின் உபகாரச் சம்பளத்தில் பொறியியல் படிக்கப் போனவன். கோடை விடுமுறையில் ஊருக்கு வர டிக்கெட் காசு சேரவில்லை. கடைக்காரரை எல்லாரும் ‘தாய்ஷோ’ என்று கூப்பிடுவார்கள், நாம் ‘தவுக்கே’ என்பது போல. அறுபதைத் தாண்டியவர். கடையின் மூலையில் உயரமாக ஒரு டிவி இருந்தது. ஆகஸ்டில் அதில் கோஷியென் தவிர வேறெதுவும் ஓடாது.

கோஷியென் என்பது ஓசாகாவுக்கும் கோபேவுக்கும் இடையில், நிஷினொமியாவில் உள்ள பேஸ்பால் அரங்கின் பெயர். 1924இல் கட்டப்பட்டது. ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிகளுக்கான கோடைக்கால பேஸ்பால் போட்டி அங்கேதான் நடக்கிறது. போட்டி அரங்கைவிடப் பழையது, 1915இல் தொடங்கியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஜெயித்து வரும் பள்ளிதான் அங்கே நுழைய முடியும். ஒருமுறை தோற்றால் கதை முடிந்தது. தோற்ற பிள்ளைகள் மண்டியிட்டு அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். அதில் பலர் அதற்குப் பிறகு பேஸ்பால் மட்டையையே தொடமாட்டார்கள். 

அந்த ஆண்டு நூறாவது போட்டி. வடக்கே அகிதாவிலிருந்து கனாஷி நோக்யோ என்றொரு விவசாயப் பள்ளி வந்திருந்தது. அவர்கள் நம்பியிருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு பிட்ச்சரை, யோஷிதா கோசெயை. ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். இறுதியாட்டத்தில் எதிரணி ஓசாகாவின் தோயின் பள்ளி. எங்கள் கடையும் ஓசாகாவில்தான் இருக்கிறது, ஆனால் கடையில் இருந்த அத்தனை பேரும் விவசாயப் பள்ளியின் பக்கம். 13-2 என்று தோற்றார்கள். ஆறு ஆட்டங்களில் அந்தப் பையன் வீசிய பந்துகள் 881.

நான் அழுதேன். கையில் சோப்பு நுரையோடு அழுதேன். அன்றிரவு அம்மாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“தனி ஆளா நின்னு போட்டான்மா. எண்ணூத்தி எண்பத்தொரு பந்து.”

அம்மாவுக்கு பேஸ்பால் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா, போதும்னு சொல்றதுக்கு அந்தப் பையனுக்கு அங்க ஒரு ஆளு இல்லையா?”

எனக்கு எரிச்சலாக வந்தது. “உனக்குப் புரியாதும்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புரியாமல் இருந்தது நான்தான் என்று தெரிய ஒரு வருடம் பிடித்தது.

பேஸ்பாலில் பந்து வீசுவது உடம்புக்கு இயல்பான காரியம் அல்ல. தொழில்முறை வீரர் ஒருவர் வீசும்போது அவருடைய தோள் விநாடிக்குச் சுமார் 7000 பாகை வேகத்தில் சுழல்கிறது. அந்த இழுவையில் முழங்கை பிய்த்துக்கொண்டு போகாமல் உட்புறமாகப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னத் தசைநார். சுற்றியுள்ள தசைகள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். தசைகள் களைத்துவிட்டால் பங்கு போட ஆளில்லை, எல்லாம் தசைநாரின் மேல் விழும். சிறு பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். அவர்களுடைய எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குருத்தெலும்பு. தசைநார் அறுவதற்கு முன்னால் அந்த வளரும் இடமே பிளந்துவிடும்.

1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற வீரரின் இன்னொரு கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து அறுந்த முழங்கையில் பொருத்தினார். டாமி ஜான் 1989 வரை ஆடினார். இன்று அந்த அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயர்தான். ஒரு தொழில்முறை வீரருக்கான கடைசி வழியாகப் பிறந்த சிகிச்சை அது. இப்போது அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் செய்கிறார்கள். அங்கே 9 முதல் 14 வயது வரையிலான 481 பிட்ச்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய பிள்ளைகளுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. கை களைத்த பிறகும் வீசுவதுதான் பெரிய ஆபத்து என்று அதற்கு முந்தைய ஆய்வே சொல்லியிருந்தது. ஆக, ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லும் காலம் போய்விட்டது.

தெரிந்தும் ஏன் நடக்கிறது? அமெரிக்காவில் காரணம் பெரும்பாலும் பல்கலைக்கழக உபகாரச் சம்பளமும் தொழில்முறை ஒப்பந்தமும். அங்கே 2007 முதல் லிட்டில் லீக்கில் பந்து எண்ணும் விதி இருக்கிறது. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. ஆனால் பிள்ளை இரண்டு மூன்று அணிகளில் ஆடினால் ஓர் அணியின் கணக்கு இன்னோர் அணிக்குப் போகாது. கோஷியெனில் காரணம் வேறு. அங்கே காசு கிடையாது. அங்கே இருப்பது நாம், கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருக்கும் நாம்.

1998 ஆகஸ்ட் 20ஆம் தேதி, யோகோஹாமா பள்ளியின் மட்சுசாகா தாய்சுகே 17 இன்னிங்ஸ் ஆடி 250 பந்துகள் வீசினான். முந்தின நாள்தான் 148 பந்து வீசியிருந்தான். இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’கூடக் கொடுக்காமல் ஜெயித்தான். ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே அது காவியம். பிறகு அமெரிக்கா போய் பாஸ்டன் அணிக்கு ஆடினார், வேர்ல்ட் சீரீஸும் வென்றார். 2011இல் முழங்கை அறுவைச் சிகிச்சை. அந்த 250 பந்துகளால்தான் இது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இந்தக் காயத்தின் சூழ்ச்சியே அதுதான். எந்தப் பந்தில் நார் நைய ஆரம்பித்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. கைதட்டல் இன்றைக்குக் கேட்கும். வலி பத்து வருடம் கழித்து யாருமில்லாத அறையில் வரும்.

தாய்ஷோவின் வலது முழங்கை முழுதாக நீளாது. மேல்தட்டில் உள்ள கிண்ணத்தை இடது கையால்தான் எடுப்பார். ஒருநாள் கேட்டேன். பள்ளியில் பிட்ச்சராக இருந்தாராம். கோஷியென்வரை போகவில்லை, மாநிலச் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள். “எத்தனை பந்து?” என்றேன். “அப்ப யாரு எண்ணினா?” என்று சிரித்தார். வருத்தமில்லையா என்று கேட்டதற்கு, “மறுபடி பதினேழு வயசு குடுத்தா மறுபடியும் போடுவேன்” என்றார்.

இந்தப் பதிலை என்ன செய்வது என்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை. காயப்பட்டவரே ‘எனக்குச் சம்மதம்’ என்கிறார். அப்புறம் நாம் யார் பரிதாபப்பட?

அடுத்த வருடம், 2019 ஜூலையில், இந்தக் கேள்வி ஜப்பான் முழுக்கவே வந்தது. இவாதே மாநிலத்தின் ஓஃபுனாதோ பள்ளியில் சசாகி ரோகி என்ற பையன். 2011 சுனாமியில் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் இழந்தவன். அந்த ஏப்ரலில் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசியிருந்தான். பள்ளி மாணவன் ஒருவன் அப்படி வீசி ஜப்பான் பார்த்ததில்லை. ஓஃபுனாதோ கடைசியாகக் கோஷியென் போனது 1984இல். இப்போது ஓர் ஆட்டம்தான் பாக்கி. ஆனால் ஜூலை 21இல் சசாகி 12 இன்னிங்ஸில் 194 பந்து வீசியிருந்தான். 24ஆம் தேதி அரையிறுதியில் இன்னும் 129. இறுதியாட்டம் மறுநாளே.

பயிற்சியாளர் கொகுபோ யோஹேய் அவனை இறக்கவில்லை. அவருக்கு வயது 32. அணி 12-2 என்று தோற்றது. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பையன் உட்கார்ந்தே இருந்தான். சொல்லியிருந்தால் அவன் வீசியிருக்கக்கூடும், காயத்தைத் தவிர்க்க நான்தான் முடிவெடுத்தேன் என்ற பொருளில் கொகுபோ பேசினார். ஆட வந்தவனுக்கு ஆட ஆசை இருக்கத்தானே செய்யும் என்பது பையனுடைய பதில். பள்ளிக்குத் திட்டி போன்கள் குவிந்தன.

எங்கள் கடையிலும் அன்று சண்டை. ஒருவர் மேசையைத் தட்டினார்: “மத்த பசங்களோட கோடையை அந்த வாத்தியார் திருடிட்டாரு!” உள்ளுக்குள் நானும் அவர் கட்சிதான். சசாகி அந்த மேட்டில் ஏறுவதைப் பார்க்க நான் காத்திருந்தேன். எனக்குக் கிடைக்கவேண்டிய ஏதோ ஒன்றைப் பறித்துவிட்டார்கள் என்ற கோபம். அந்தக் கோபம் வந்த அதே நொடியில் அம்மாவின் கேள்வியும் ஞாபகத்துக்கு வந்தது. ‘போதும்னு சொல்ல ஓர் ஆள்.’ இதோ ஓர் ஆள் சொல்லிவிட்டார். நாடே அவரைத் திட்டுகிறது. நானும்தான்.

‘மற்ற பசங்களின் கோடை’ என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அணியில் இன்னும் பல பையன்கள் இருந்தார்கள். யாரும் ஒப்பந்தத்தோடு காத்திருக்கவில்லை, அவர்களுக்கு அதுவே கடைசி ஆட்டம். ஒருவனுடைய நாளைக்காக மற்றவர்களுடைய இன்றைக் கொடுத்தார் என்றால் அது உண்மைதான். கொகுபோ செய்தது விலையில்லாத நன்மை அல்ல. ஆனால் அந்த விலையைப் பையனிடம் கேட்காமல் தன் தலையில் போட்டுக்கொண்டார். “நீ என்ன சொல்ற, போடுறியா?” என்று அவனிடம் கேட்டிருந்தால்? பின்னால் அணி முழுவதும் நிற்கிறது, ஊர் 35 வருடமாகக் காத்திருக்கிறது, சுனாமிக்குப் பிறகு நல்ல செய்தி கேட்காத கடற்கரை அது. பதினேழு வயதுப் பையன் ‘வேண்டாம் சார்’ என்று சொல்வானா? பதிலை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்கப்படுவது சம்மதம் அல்ல. பொறுப்பைக் கைமாற்றிவிடுவது.

சம்மதத்தை மதிக்கவேண்டும் என்று படித்து வளர்ந்த தலைமுறை நாம். பெரியவர்கள் ‘உன் நன்மைக்குத்தான்’ என்று சொன்னாலே நமக்குச் சந்தேகம் வரும். வரவும் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையின் விருப்பத்தை ஊட்டி வளர்த்ததே நாமாக இருக்கும்போது, அந்த விருப்பத்தைச் சுதந்திரம் என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? வலியோடு வீசியவனைக் காவியமாக்கியது பார்வையாளர்கள். இன்னொரு பையன் அதே காவியத்துக்கு ஆசைப்பட்டால், அந்த ஆசையில் நம் பங்கும் இருக்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்ஷோ கடையை மூடிவிட்டுத் தன் பேரனின் ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். தொடக்கப்பள்ளிப் பையன். ஆற்றங்கரை மைதானம். தாய்ஷோவின் இடது கையில் பேருந்தில் ஆள் எண்ணுவார்களே, அந்த மாதிரி அழுத்தும் எண்ணி ஒன்று. ஒவ்வொரு பந்துக்கும் ‘டிக்’. எழுபது வந்ததும் எழுந்துவிட்டார். பயிற்சியாளரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பையன் முகம் சுருங்கியது, இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி என்று கெஞ்சினான்.

“எழுபதுன்னா எழுபதுதான்.”

திரும்பி வரும்போது கேட்டேன்: “நீங்க மறுபடியும் போடுவேன்னு சொன்னீங்களே?”

“அது என் கை” என்றார்.

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. தன்னுடையதைக் கொடுத்தவருக்கு ‘வருத்தமில்லை’ என்று சொல்லும் உரிமை உண்டு. வாங்கிக்கொள்கிற இடத்தில் இருக்கிற நமக்கு அந்தச் சொல்லைக் கடன் வாங்கும் உரிமை கிடையாது. பயிற்சியாளர், பள்ளி, பெற்றோர், பார்வையாளர் எல்லாரும் வாங்கிக்கொள்கிறவர்கள்தான்.

2020இல் ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு விதியொன்று கொண்டுவந்தது: ஒரு பிட்ச்சர் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 500 என்பது தாராளமான எண்தான், பலர் குறை சொன்னார்கள். ஆனாலும் எனக்கு அதில் ஒரு கருணை தெரிகிறது. ‘வலிக்குது சார்’ என்று பையன் சொல்லவேண்டியதில்லை. கோழை என்று பெயர் வாங்காமல் அவனால் இறங்க முடியும். ஒரே ஒரு பயிற்சியாளர் தனியாக நின்று ஊர் வசவைச் சுமக்கவேண்டியதுமில்லை.

சசாகி 2022 ஏப்ரல் 10இல், 20 வயதில், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் தொடவிடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். அன்று பலர் கொகுபோவை நினைத்துக்கொண்டார்கள், ‘பார்த்தீர்களா!’ என்றார்கள். 2025இல் அமெரிக்காவில் டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கிய முதல் வருடத்திலேயே தோள்வலியால் நான்கு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார். அப்படியானால் கொகுபோ செய்தது வீணா? இரண்டுமே நிரூபணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நடக்காமல் போன காயத்தை யாரும் படம் பிடித்துக் காட்ட முடியாது. 2019 ஜூலை 25 காலையில் அவர் கையில் இருந்தது ஒரு பையனின் களைத்த கையும் சில எண்களும் மட்டுமே. அதை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும், அதை வைத்துத்தான் நாம் அவரை மதிப்பிடவும் முடியும்.

ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஆகஸ்டில் இப்போதும் போனில் கோஷியென் பார்க்கிறேன். இன்னும் கண் கலங்குகிறது, அதை மறைப்பதில் பொருளில்லை. போன வருடம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஆட்டத்தின் நடுவில் ஒரு பையனை மாற்றி இன்னொருவனை இறக்கினார்கள். இறங்கி வந்தவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

“ஏன் அழறான்?” என்றார் அம்மா.

“போதும்னு சொல்லிட்டாங்கம்மா.”

“அழட்டும்” என்றார். “அழுதா சரியாயிடும்.”