நாணமும் நோயும்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ மருந்துக் கடையொன்றின் முன் மாலைப் பொழுதில் நின்று பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தலையிடி மாத்திரை கேட்பவரின் குரல் தயக்கமின்றி ஒலிக்கும். மூலத்துக்கோ வெள்ளைபடுதலுக்கோ மருந்து நாடி வந்தவர், ஆள் குறையும்வரை ஓரமாக ஒதுங்கி நிற்பார். சிலர் துண்டுச் சீட்டில் எழுதிச் சிறுவனிடம் கொடுத்தனுப்புவர். இதனை வெறும் கூச்சமென்று ஒதுக்கிவிட முடியுமா?

வசதி படைத்தவர் கொழும்பின் தனியார் மருத்துவமனையில், கதவடைத்த அறையில், தம் அந்தரங்கத்தைப் பணம் கொடுத்துப் பெறுகிறார். மருதமுனை நெசவாளிக்கும் கரைவலை இழுக்கும் தொழிலாளிக்கும் கிடைப்பதோ, பத்துப் பேர் செவிமடுக்கும் கண்ணாடி மேசை மட்டுமே. ஆகவே வெட்கத்துக்கும் வர்க்கம் உண்டு என்கிறோம்.

பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. மருந்து இலாபப் பண்டமன்று, மக்களின் தேவை என்ற கொள்கை அதன் அடித்தளம். ஆயின் மக்களை மருந்திலிருந்து பிரிப்பது விலை மட்டுமன்று, வெட்கமும்தான்.

ஒன்றும் கேளாமல் பொதியைச் சுற்றிக் கொடுத்துவிடுவதே நாகரிகம் எனச் சிலர் கூறுவர். சொறிசிரங்குக்கு நோயாளி மட்டும் மருந்து பூசினாற் போதாது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வேளையில் பூசவேண்டும். பால்வினை நோய்க்குத் துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். மூலமென்று நினைக்கும் இரத்தப்போக்கு, சிலவேளை குடற் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இவற்றைச் சொல்லாத நாகரிகம் நோய்க்கே துணைபோகிறது. இரகசியம் காப்பது கடமை. மௌனம் காப்பது கடமை தவறுதல்.

நாணத்தை ஈமானின் பகுதியெனப் போற்றும் சமூகம் இது. அப்பண்பை நாம் இகழவில்லை. ஆனால், மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணத்தைத் தடையாக்காத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா புகழ்ந்தார் என்பதும் இச்சமூகம் அறிந்த செய்தியே. மார்க்க அறிவுக்குத் தடையாகாத நாணம், உயிர்காக்கும் அறிவுக்கு மட்டும் தடையாவது எங்ஙனம்?

தாழ்ந்த குரல், மேசையோரத்தில் ஒரு திரை, பெண்களிடம் பேச ஒரு பெண் மருந்தாளர், நோயின் பெயரை இழிவின்றிச் சொல்லும் தமிழ்: நாம் கேட்பவை இவையே. திரைச்சீலைக்குப் பெரும் மூலதனம் தேவையில்லை. ஏழையின் மானமும் மானமே என்ற எண்ணந்தான் தேவை. அந்த எண்ணத்தை வகுப்பறையில் விதைக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.