ஐந்தாம் கால்

"பொட்டி அஞ்சுங்குது தம்பி, காய் அம்பதுங்குது. நான் யாரை நம்ப?"

பூப்பாறைக்குப் பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோர். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே பெரியவர் இதைச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போடியிலிருந்து ஜீப் ஏறிப்போய் அந்த வெப்பமானிப் பெட்டியை மாட்டிவிட்டு வந்தவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 52 டிகிரி என்று காட்டவேண்டிய திரை, நடுநடுவே 2ஐ விழுங்கிவிட்டு மொட்டையாக 5 என்று காட்டியது. கோளாறு தீர்ந்து மாதங்கள் ஆகியும் அந்த வாக்கியம் அவரை விடவில்லை.

கோளாறு என்னவோ சின்னதுதான். பழைய பெட்டிகளில் அர்டுயினோ ஊனோ பலகை இருந்தது. 2021இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது, அவர் ஈஎஸ்பி32 சிப்புக்கு மாறினார். திரை அதே திரைதான்: ஹிட்டாச்சியின் எச்டி44780 வகை, இரண்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. "சிப்பை மாத்திட்டேன், டிரைவர் ஒத்துவரலை" என்று அவர் சொன்னதற்கு எஸ்டேட்காரர், "ஏன், நம்ம ஜீப் டிரைவர் நல்லாத்தானே ஓட்டுறான்?" என்று கேட்டாராம்.

அவர் சொன்ன டிரைவர், சிப்புக்கும் திரைக்கும் நடுவே நின்று பேசும் நிரல். சிப் ஓர் எழுத்தை அனுப்பினால் திரை அதை வாங்கி வைக்க 37 மைக்ரோ செகண்ட் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த எழுத்தைத் தள்ளினால் அது காணாமல் போகும். பழைய டிரைவரில் இந்தக் காத்திருப்புக்காக அவர் ஒரு வெற்றுச் சுற்று எழுதியிருந்தார். ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸில் அது 50 மைக்ரோ செகண்ட் ஓடியது. ஈஎஸ்பி32 ஓடுவது 240இல், பதினைந்து மடங்கு. அதே சுற்று நான்கு மைக்ரோ செகண்டுகூடத் தாங்கவில்லை. திரை முழுக்கக் குப்பை. இத்தனை நாள் டிரைவர் சரியாக வேலை செய்ததற்கு அவருடைய திறமையைவிடப் பழைய சிப்பின் நிதானம்தான் காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சுற்றை எடுத்துவிட்டு, விவரத்தாளில் 37 என்று இருக்கிறதே, 40 போதும் என்று வைத்தார். போடியில் கடை மேசையில் இருந்த திரை ஒழுங்காகக் காட்டியது. மலைக்குப் போன பெட்டியில் இருந்தது வேறொரு திரை. அந்த 37, திரையின் உள்கடிகாரம் 270 கிலோஹெர்ட்ஸில் ஓடினால்தான். அதே தாளில் இன்னோர் ஓரத்தில், அந்தக் கடிகாரம் 190 முதல் 350 வரை எங்கேயும் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. 190 என்றால் 53 மைக்ரோ செகண்ட் வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு திரைகளுக்கு இரண்டு நாடித்துடிப்பு.

அவரைக் குடைவது இந்தக் கணக்கு அல்ல. திரையின் ஐந்தாம் கால்.

அந்த இணைப்பு முனையில் மின்னழுத்தத்தை மேலே தூக்கினால் சிப் திரையைப் படிக்கலாம், 'வேலையாக இருக்கிறாயா?' என்று கேட்கலாம், திரை பதில் சொல்லும். கீழே இறக்கினால் எழுத மட்டும்தான் முடியும். ஒரு கம்பி மிச்சமாகிறது என்பதற்காக ஐந்தாம் காலைக் கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவதுதான் பலருக்கும் வழக்கம். அவரும் அப்படியே செய்திருந்தார். கேட்க வழி இருந்தது. அதை ஈயம் வைத்து அடைத்துவிட்டு, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று ஊகம் செய்துகொண்டிருந்தார்.

கேட்பது என்றதும் அவருக்குச் சிறுவயது நினைவுக்கு வரும். அப்போது அவருடைய அப்பா ஒரு ஸ்டோரில் எடை போட்டுக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறையில் இவர் சாக்குமேல் படுத்துக்கிடப்பார். சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும் இடம் அது. சூடு கூடினால் பச்சை நிறம் போகும், நிறம் போனால் விலை போகும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட பண்டம் ஆயிற்றே! அங்கே யாரும் கடிகாரத்தைப் பார்த்துக் காயை எடுத்ததாக அவருக்கு நினைவில்லை. ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்குவார்கள். உள்ளே விதை கலகலத்தால் ஆயிற்று. நாலைந்து வயதில் இவரும் குலுக்கிப் பார்த்து, எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருக்கிறது என்று அழுதிருக்கிறார்.

கடையில் வேலை பழகும் பையனுக்கு அவர் பற்றவைப்பு சொல்லித்தருகிறார். "புரியுதா?" என்பார். "ம்." மறுநாள் பலகை கருகியிருக்கும். அதுவும் ஐந்தாம் கால் கிரவுண்டில் இருக்கும் பேச்சுதானோ? கேட்பதுபோல இருக்கும், பதில் வர வழி இருக்காது. காய்க்குப் பொய் சொல்லத் தெரியாது, பையனுக்கோ பயம்.

எப்போதோ படித்த ஒரு சங்கதியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பிடிபி-11 இயந்திரத்தில் வளர்ந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை வேறோர் இயந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். யு, என், ஐ, எக்ஸ் என்று எழுதவேண்டியது, என், யு, எக்ஸ், ஐ என்று வந்து நின்றது. இரண்டு எழுத்தில் எதை முதலில் வைப்பது என்பதில் இரண்டு இயந்திரத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பழக்கம் மெனக்கெட்டு எடுத்த முடிவு என்றே பழைய இடத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. இப்போது யு8ஜி2 என்ற திரை நூலகத்தைப் புதிய சிப்புக்குக் கொண்டுபோவதென்றால் பெரும்பாலும் இரண்டு செயல்கூறு எழுதினால் போதும்: பைட்டை அனுப்ப ஒன்று, கால்களை ஏற்றி இறக்கவும் காத்திருக்கவும் ஒன்று. காத்திருப்பை ஊருக்கு ஊர் மாறுவது என்று தனியே எடுத்துவைத்தவர் பட்டுத் தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

அப்படியானால் ஐந்தாம் காலை விடுவித்துவிடலாமே? அங்கேதான் அவருக்குச் சிக்கல். திரை 5 வோல்ட்டில் பதில் சொல்லும். ஈஎஸ்பி32இன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, நேராக இணைத்தால் சிப் கெடலாம். நடுவே மின்னழுத்தம் குறைக்க ஏற்பாடு செய்யலாம், பெரிய செலவில்லை. ஆனால் திரையின் கம்பி கழன்றுபோனால்? 'வேலை முடிந்ததா' என்று கேட்கும் நிரல், வராத பதிலுக்காக அங்கேயே நின்றுவிடும். சூடு ஏறினால் மணி அடிப்பதும் இதே பெட்டிதான். ஊகத்தில் ஓடும் பெட்டி, திரை செத்துப்போனாலும் மணி அடிக்கும். இத்தனை நேரம்தான் கேட்பேன் என்று கேள்விக்கும் கெடு வைக்கலாம் என்கிறார்கள். அந்தக் கெடு எவ்வளவு என்பது மறுபடி ஊகம்.

அவர் கடைசியில் காத்திருப்பை 100 மைக்ரோ செகண்ட் ஆக்கினார். அர்டுயினோவின் சொந்த நூலகம் வைத்திருக்கும் அளவு அது. 5 காட்டுவது நின்றது. செய்தது சரியா, சோம்பலா என்று இன்னும் அவருக்குத் தீர்மானமில்லை. அடுத்த ஸ்டோருக்கான பெட்டி மேசைமேல் இருக்கிறது. அதிலும் ஐந்தாம் கால் கிரவுண்டில்தான். பூப்பாறைப் பெரியவர் இப்போதும் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் காயைக் குலுக்குகிறார்.